நூத்துக்கு மேல போன சேர்க்கை சதவீதம் அச்சுப்பிழை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உலக நாடுகள்ல தொடக்கப்பள்ளி சேர்க்கை எத்தனை சதவீதம்னு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க. ரெண்டு நாள் கழிச்சு வாசகர் கடிதத்துல ஒருத்தர், ஆப்பிரிக்காவுல இருக்கற மலாவி ருவாண்டா மாதிரி நாட்டுக்கெல்லாம் 100-க்கு மேல போட்டிருக்கீங்களே, இருக்கற பிள்ளைங்களை விட அதிகமா எப்படி பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகும், அச்சுப்பிழையா இல்ல அந்த நாட்டுக்காரங்களுக்கு கணக்கு தெரியாதான்னு கேட்டிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு கேக்கல. நான் திருவண்ணாமலை மாவட்டத்துல ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளிகள்ல டீச்சரா சேர்ந்து கடைசி பதினோரு வருஷம் தலைமை ஆசிரியையா இருந்து ரிடையர் ஆனவ, சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் தான் என் வாழ்க்கைன்னு சொல்லலாம், அதனால இதைப் பத்தி எனக்கு தெரிஞ்சதை எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

அது அச்சுப்பிழை இல்லீங்க. மொத்த சேர்க்கை விகிதம்னு ஒண்ணு இருக்கு, நிகர சேர்க்கை விகிதம்னு இன்னொண்ணு இருக்கு. மொத்தம்ங்கறதுல, தொடக்கப்பள்ளியில பேர் பதிஞ்ச அத்தனை பேரையும் எண்ணிடுவாங்க, அவங்க வயசு எட்டா பதினஞ்சான்னு பாக்க மாட்டாங்க. அதை, அந்த நாட்டுல தொடக்கப்பள்ளி வயசுல எத்தனை பிள்ளைங்க இருக்காங்களோ அந்த எண்ணிக்கையால வகுப்பாங்க. அப்போ லேட்டா சேர்ந்த பிள்ளை, ஒரே வகுப்புல மூணு வருஷம் உக்காந்த பிள்ளை எல்லாம் மேல இருக்கற எண்ணுல வந்துடும், கீழ இருக்கற எண்ணுல வராது, அதான் நூறைத் தாண்டுது. நிகரம்ங்கறது அந்த வயசுப் பிள்ளைங்களை மட்டும் எண்ணறது, அது நூறைத் தாண்டாது. உங்க பட்டியல்ல சில நாட்டுக்கு மொத்தத்தையும் சில நாட்டுக்கு நிகரத்தையும் கலந்து போட்டுட்டீங்கன்னு நினைக்கறேன், எது எதுன்னு ஒரு வரி கூட இல்ல, படிக்கறவங்க குழம்பாம என்ன செய்வாங்க.

ஆனா எனக்கு சொல்ல வேண்டியது இந்த விளக்கம் மட்டும் இல்ல. நூத்துக்கு மேல போன அந்த எண்ணுக்குள்ள யாரு இருக்காங்கன்னு சொல்லணும்.

கென்யாவுல 2003 ஜனவரியில அதிபர் கிபாகியோட அரசாங்கம் வந்த கையோட தொடக்கப்பள்ளி கட்டணத்தை எடுத்தாங்க. 59 லட்சம் சுமாரா இருந்த சேர்க்கை ஒரே வருஷத்துல 72 லட்சம் ஆச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 2004 ஜனவரியில, எல்டோரெட் ஊர்ல ஒரு தொடக்கப்பள்ளியில ஒண்ணாம் வகுப்புல சேர்றதுக்கு கிமானி மாருகேன்னு ஒருத்தர் வந்தாரு, வயசு 84. வெள்ளைக்காரன் காலத்துல மாவ் மாவ் போராட்டத்துல இருந்தவரு, சின்ன வயசுல பள்ளிக்கூடம் போக வழியில்லாம போனவரு. யூனிபார்ம் டவுசரும் முழங்கால் வரைக்கும் சாக்ஸும் போட்டுக்கிட்டு கைத்தடி ஊனிக்கிட்டு பேரன் பேத்தி படிக்கற அதே பள்ளிக்கூடத்துக்கு போனாரு. பைபிளை தானே படிக்கணும், காசு கணக்கு தானே பாக்கணும்னு சொன்னாரு. 2005-ல ஐநா சபை கூட்டத்துக்கு நியூயார்க் போய் இலவசக் கல்விக்காக பேசிட்டு வந்தாரு. 2009-ல காலமாயிட்டாரு. அந்த மனுஷன் ஒண்ணாம் வகுப்புப் பதிவேட்டுல ஒரு பேரு. மொத்த சேர்க்கைன்னு கணக்கெடுத்தா அவரும் அதுல ஒண்ணு தான். கட்டணம் கட்ட முடியாம வருஷக்கணக்கா வெளியில நின்னவங்க எல்லாம் கதவு திறந்ததும் ஒரே நேரத்துல உள்ள வந்தா எண்ணு நூறைத் தாண்டத்தான் செய்யும். அதைப் பாத்து கணக்கு தெரியாதவங்கன்னு சொல்லக் கூடாதுங்க, அவங்க எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு தான் அந்த எண்ணு சொல்லுது.

மலாவியில இது இன்னும் முன்னாடியே நடந்துச்சு. முப்பது வருஷம் பாண்டாங்கற ஒரே தலைவரோட ஆட்சி, 1994-ல தேர்தல்ல அது முடிஞ்சு புது அரசாங்கம் வந்து அதே வருஷம் தொடக்கக் கல்வி இலவசம்னு சொல்லிட்டாங்க. 19 லட்சம் பிள்ளைங்க இருந்த இடத்துல சுமார் 30 லட்சம் வந்து நின்னாங்க. பத்து லட்சம் பிள்ளைங்களுக்கு மேல ஒரே வருஷத்துல வந்தா எங்க உக்கார வைக்கறது? மரத்தடியில வகுப்பு, ஒரு டீச்சருக்கு நூறு பிள்ளைக்கும் மேல, ஏறக்குறைய 20,000 பேரை அவசரமா வேலைக்கு எடுத்தாங்க, அதுல பெரும்பாலும் பயிற்சி இல்லாதவங்க, சில வாரம் சொல்லிக் கொடுத்துட்டு வகுப்புக்கு அனுப்பிட்டாங்க. நான் ஒரே ரூம்ல மூணு வகுப்பை வச்சு பாடம் எடுத்தவ, ஒண்ணாவது பிள்ளை அழுவும் மூணாவது பிள்ளை வாய்ப்பாடு சொல்லும், அதுலயே சாயந்திரம் தொண்டை கட்டிப் போயிடும், நூறு சின்னப் பிள்ளைங்களை மரத்தடியில வச்சுக்கிட்டு அந்த டீச்சருங்க என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு எனக்கு தெரியும்.

உகாண்டாவுல 1997. முதல்ல ஒரு குடும்பத்துக்கு நாலு பிள்ளை வரைக்கும் இலவசம்னு ஆரம்பிச்சாங்க. 31 லட்சம் சுமாரா இருந்தது அடுத்த வருஷமே 53 லட்சம். பேப்பர்ல எல்லாம் பெரிய சாதனைன்னு வந்திருக்கும், சாதனை தான், நான் இல்லேங்கல. ஆனா அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல சுமார் 21 லட்சம் பேரு இருந்தாங்க, அங்க தொடக்கப்பள்ளி ஏழு வருஷம், 2003-ல ஏழாம் வகுப்புல எண்ணிப் பாத்தா 5 லட்சம் கூட இல்ல. சில பிள்ளைங்க பின்தங்கி கீழ் வகுப்புல இருந்திருப்பாங்க, மத்தவங்க எங்க போனாங்க? சேர்க்கை சதவீதத்துல இந்தக் கேள்வியே வராது. பேர் பதிஞ்சாங்களான்னு மட்டும் தான் அது கேக்கும்.

வயசுன்னு சொன்னேன் இல்லீங்களா, அதுவே பெரிய பஞ்சாயத்து. நிகர விகிதம் சரியா வரணும்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான வயசு தெரியணும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஊர்ல எப்படி தெரியும்? எங்க ஊர்ல நான் பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப வாத்தியார் என் வலது கையை தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைத் தொடச் சொன்னாரு. விரல் காது மடல்ல பட்டுது, அஞ்சு வயசுன்னு எழுதிட்டாரு. பிறந்த தேதி ஜூன் மாசம்னு அவரே போட்டுட்டாரு, எங்கம்மா சொல்றது கார்த்திகை தீபம் கழிஞ்சு மூணாம் நாள்னு. என் ரிடையர்மென்ட்டே அந்த வாத்தியார் போட்ட ஜூன் கணக்குல தான் நடந்துச்சு. என் வயசுக்காரங்க எத்தனை பேருக்கு மே ஜூன்ல பிறந்த நாள் இருக்குன்னு வீட்டுல பெரியவங்க சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்க. இதே காது தொடற பழக்கம் தான் ஆப்பிரிக்காவுலயும் பல நாட்டுல இருந்திருக்கு, படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, எங்க ஊரு வாத்தியாரும் அங்க இருக்கற வாத்தியாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல, ரெண்டு பேரும் பிள்ளையோட கையைத் தூக்கி காதைத் தொடச் சொல்லியிருக்காங்க. இப்படி எழுதின வயசை எல்லாம் கூட்டித் தான் அப்போ ஒரு நாட்டு நிகர சேர்க்கை வந்துச்சு. கீழ வகுக்கற எண்ணும் அப்படித்தான், கடைசி ஜனத்தொகை கணக்கெடுப்பு பழசாயிடுச்சுன்னா அப்புறம் மதிப்பீடு தான், மதிப்பீடு கொஞ்சம் குறைஞ்சாலே சதவீதம் ஏறிடும், ஒரு பிள்ளை கூட புதுசா சேர்ந்திருக்காது.

இனி சொல்றது நான் இவ்ளோ வருஷம் யார்கிட்டயும் சொல்லாதது.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61 ஆனா மூணு டீச்சர். ஆகஸ்ட் 1-ந்தேதி பதிவேட்டுல எத்தனை பேரு இருக்கோ அதை வச்சு தான் எங்களுக்கு பணியிட நிர்ணயம் பண்ணுவாங்க. எங்க பள்ளியில ஒரு வருஷம் சரியா 61. அதுல ஒரு பொண்ணு நாலாவது படிச்சிட்டிருந்தா. பொங்கல் முடிஞ்சா அப்பா அம்மாவோட செங்கல் சூளைக்கு போயிடுவா, திருவள்ளூர் பக்கம், மழைக்காலம் வர வரைக்கும் அங்க தான், அட்வான்ஸ் வாங்கிட்டா குடும்பத்தோட போய்த் தான் ஆகணும். வழக்கமா ஜூன் கடைசியில வந்துடுவா, அந்த வருஷம் ஜூலை முழுக்க வரல. நான் அவ வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன், கதவுல பூட்டு, திண்ணையில ஒரு பாட்டி மட்டும், எப்ப வருவாங்கன்னு தெரியாதும்மான்னுச்சு. அவ பேரை எடுத்தா 60, ஒரு டீச்சர் உபரின்னு வேற ஊருக்கு மாத்திடுவாங்க, மீதி ரெண்டு பேரு அஞ்சு வகுப்பை எடுக்கணும். மேல ஒரு ஆபீஸ்ல கேட்டேன், பேரை எடுக்காதீங்கம்மா, எடுத்தா இடைநின்ற குழந்தைன்னு வரும், எங்களுக்கும் கேள்வி வரும், விடுங்கன்னு சொன்னாங்க. நான் எடுக்கல. 61-னே எழுதிக் கையெழுத்து போட்டேன். டீச்சர் தங்கினாங்க. அந்தப் பொண்ணு அந்த வருஷம் தீபாவளி கழிச்சு தான் வந்தா, உள்ளங்கை எல்லாம் மண்ணு அறுத்த கீறல், சூளைக்கு போறதுக்கு முன்னாடி தெரிஞ்ச கழித்தல் கணக்கு மறந்து போச்சு. ஆனா ஆகஸ்ட் கணக்குல அவ சேர்ந்த பிள்ளை, படிக்கற பிள்ளை, மாவட்டத்துக்கு போய் மாநிலத்துக்கு போய் டெல்லிக்கு போய் அங்கிருந்து யுனெஸ்கோ பட்டியலுக்கும் போயிருப்பா.

நான் ஒருத்தி பண்ணது ஒரு பேரு. இது மாதிரி எத்தனை ஊர்ல எத்தனை தலைமை ஆசிரியருங்க என்ன காரணத்துக்காக பேரை விட்டு வச்சிருப்பாங்க? கென்யாவுல கட்டணத்தை எடுத்தப்ப அதுக்குப் பதிலா பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,020 ஷில்லிங்னு அரசாங்கம் குடுத்தாங்க. தலைக்கு இவ்ளோன்னு பணம் வந்தா தலையை எண்ணற கை எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க, அரசாங்க ரெக்கார்டுல ஏறின அளவுக்கு வீடு வீடா போய் எடுத்த சர்வேயில சேர்க்கை ஏறலன்னு எழுதியிருக்காங்க. அதுக்காக அந்தத் திட்டமே பொய்யின்னு சொல்ல மாட்டேன், கட்டணத்தை எடுத்தது ரொம்ப நல்ல காரியம், ஏழைப் பிள்ளைக்கு கதவு திறந்தது உண்மை. அந்த எண்ணுல டீச்சர் போஸ்டும் பணமும் தொங்குதுன்னா அது எங்க பள்ளிக்கூடத்துலயும் ஏறும் நைரோபியிலயும் ஏறும்னு தான் சொல்றேன்.

இன்னொண்ணு. ஐநா 2000-ல ஆயிரமாண்டு இலக்குகள்னு போட்டப்ப அதுல எழுதியிருந்தது, 2015-க்குள்ள எல்லாப் பிள்ளைங்களும், பையனும் பொண்ணும், தொடக்கக் கல்வியை முழுசா முடிக்கணும்னு. முடிக்கணும்னு தான் எழுதியிருந்தாங்க, சேரணும்னு மட்டும் இல்ல. 2015 வந்தப்ப நிறைய தான் முன்னேறியிருந்துச்சு, பள்ளிக்கு வெளியில இருந்த தொடக்கப்பள்ளி வயசுப் பிள்ளைங்க 10 கோடியில இருந்து 5.7 கோடியா குறைஞ்சாங்க, சஹாராவுக்கு தெக்க இருக்கற ஆப்பிரிக்க நாடுகள்ல 1990-ல பாதி பிள்ளைங்க தான் பள்ளியில இருந்தாங்க, அது 80 சதவீதம் ஆச்சு. சந்தோஷமான விஷயம். ஆனா எல்லாரும் பேசினது சேர்க்கை சதவீதத்தைத் தான், எத்தனை பேரு முடிச்சாங்கங்கறது பின் பக்கத்துக்கு போயிடுச்சு. ஆப்கானிஸ்தான்ல பாருங்க, 2021-ல தாலிபான் ஆட்சிக்கு வந்ததுக்கு அப்புறம் பொண்ணுங்க ஆறாம் வகுப்பு வரைக்கும் போகலாம், அதுக்கு மேல கதவை சாத்திட்டாங்க. தொடக்கப்பள்ளி சேர்க்கைன்னு மட்டும் பட்டியல் போட்டா அந்த சாத்தின கதவு பட்டியல்ல எங்கயும் தெரியாது.

அதனால நான் கேக்கறது இது தாங்க. அடுத்த தடவை இந்தப் பட்டியல் போடறப்ப மொத்தமா நிகரமான்னு தலைப்புலயே போடுங்க. எந்த வருஷக் கணக்குன்னு போடுங்க, சில நாட்டுக்கு பழைய வருஷம் தான் கிடைக்கும், அதை புது வருஷத்தோட கலக்காதீங்க. பக்கத்துலயே இன்னொரு கட்டம் வச்சு, தொடக்கப்பள்ளியை முடிச்சவங்க எத்தனை சதவீதம்னு போடுங்க, யுனெஸ்கோ அதையும் வெளியிடறாங்க, தேடினா கிடைக்கும். ரெண்டு கட்டமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, சேர்ந்ததுக்கும் முடிச்சதுக்கும் நடுவுல எத்தனை பிள்ளைங்க காணாம போறாங்கன்னு படிக்கறவங்களே பாத்துப்பாங்க, அந்த வாசகரும் பாத்துப்பாரு, அவர் மேல எனக்கு கோபம் ஒண்ணும் இல்ல, அவர் கேட்டது நல்ல கேள்வி தான்.

அப்புறம் நம்ம மாவட்டத்துல சூளைக்கு போற பிள்ளைங்களைப் பத்தி உங்க நிருபர் யாராவது ஆகஸ்ட் மாசத்துல இல்லாம பிப்ரவரி மாசத்துல பள்ளிக்கூடத்துக்கு போய் பதிவேட்டைக் கையில வச்சுக்கிட்டு வகுப்புல உக்காந்திருக்கற தலையை எண்ணி எழுதினா நல்லா இருக்கும். கூட வரச் சொன்னா நான் வரேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்