சிப்பிக்கு இரத்தம் இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் சிப்பியைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் "சிப்பிக்கு இரத்தம் கிடையாது, அதனால் அடிபட்டால் காயம் ஆறாது" என்று ஒரு வரி வந்திருக்கிறதே, அச்சுக்குப் போகும்முன் யாருமே படித்துப் பார்க்க மாட்டீர்களா? சிவப்பாக இல்லாததால் இரத்தமே இல்லை என்று எழுதியவர் முடிவு கட்டிவிட்டார் போல.

என் அப்பா கடியப்பட்டணத்தில் பாறையில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். அவித்து ஓட்டைப் பிரிக்கும்போது சிலதில் உள்பக்கம் தழும்பு தெரியும், பழுப்பாக ஒரு சவ்வு, அதன்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. அம்மா அதை விரலால் தடவிவிட்டு, "இது அடிபட்டுப் பொழச்சது" என்பார். விலங்கியல் வாத்தியாரான பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

நமக்கு வெட்டுப்பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் இழை இழையாக வலை பின்னி அடைக்கும். சிப்பிக்கு அந்த வசதி இல்லை. இரத்த அணுக்களே காயத்துக்கு வந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடைப்பாக நிற்கும், செத்த திசுவையும் கிருமியையும் விழுங்கும், அப்புறம் ஓரத்துத் தோல் செல்கள் அந்தத் திரளின் மேல் மெல்ல நகர்ந்து வந்து மூடும். ஓடு உடைந்தால் மேன்டில் என்ற உள்போர்வையின் செல்கள் முதலில் சவ்வு, பிறகு சுண்ணாம்பு என்று சுரந்து ஒட்டுப்போடும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வாழும் ஆளி என்ற சிப்பி வகையில் இரத்த அணுக்களே சுண்ணாம்புப் படிகத்தைச் சுமந்துபோய் உடைந்த இடத்தில் சேர்க்கின்றன என்று 2004-லேயே ஆய்வு வந்தாயிற்று.

இது முதல் தடவையா? மணல் விழுந்தால் முத்து என்று வருஷம் தவறாமல் எழுதுகிறீர்கள். 1973-இல் தூத்துக்குடியில் முத்து வளர்த்துக் காட்டியபோது மணலையா வைத்தார்கள்? இன்னொரு சிப்பியின் மேன்டில் துண்டையும் ஒரு சிறு உருண்டையையும் வைத்தார்கள், அந்தத் துண்டின் செல்கள் பெருகி உருண்டையைச் சுற்றிப் பையாகி முத்தைச் சுரந்தன. இதைச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன், தங்கள் குப்பைக்கூடை பத்திரமாக வைத்திருக்கும். ஒக்கி வந்த 2017-இல் எங்கள் ஊர்ப் பெயரையே தப்பாகப் போட்ட பத்திரிகை, சிப்பியின் இரத்தத்தையா கவனிக்கப் போகிறது? புயலும் ஒப்பாரியும் இருந்தால்தான் எங்கள் கரை உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு ஏதாவது மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். கூடவே அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள், அது சிப்பி இல்லை, சங்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கடியப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்