பட்டக் குழு ஜாக்கெட்டுகளில் குறைபாடான எம்பிராய்டரி: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: பட்டம் விடும் எங்கள் குழுவுக்குத் தைத்துத் தந்த ஜாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகத் தைத்துத் தருவது அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருவது குறித்து

வணக்கம்.

முதுகில் பெரிய பட்டம், இடது மார்பில் குழுவின் பெயர், மணிக்கட்டுப் பட்டியில் சிறு சின்னம். இவ்வளவையும் எம்பிராய்டரியில் போட்டுத் தரச் சொல்லித்தான் உங்களிடம் ஜாக்கெட்டுகள் ஆர்டர் கொடுத்தோம். சரக்கு வந்தது. அதில் ஒன்றைக்கூட மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போக முடியாது. ரசீதும், பெட்டியைப் பிரித்தவுடன் எடுத்த படங்களும் இணைப்பில் இருக்கின்றன. போனில் பேசியபோது, "எம்பிராய்டரின்னா துணி கொஞ்சம் சுருங்கத்தான் சார் செய்யும், ஒரு தடவை அயர்ன் பண்ணுங்க" என்றார்கள். பண்ணிப் பார்த்தாயிற்று. நைலான் பளபளத்ததுதான் மிச்சம், சுருக்கம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

கோளாறு எங்கே தொடங்கியது என்பது உங்கள் சாம்பிளைப் பார்த்தாலே தெரியும். ஒப்புதலுக்கு நீங்கள் அனுப்பிய படத்தில் இருந்தது தடிமனான காட்டன் ட்ரில் துணி. அதில் தையல் நன்றாகவே வந்திருந்தது, மறுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் சரி என்றோம். ஆனால் ஜாக்கெட் துணி மெல்லிய நைலான். ட்ரில்லுக்கு வைத்த தையல் அமைப்பையே, அதே அடர்த்தியில், நைலானிலும் ஓட்டியிருக்கிறீர்கள். துணி மாறினால், மேல் தையலுக்கு முன் அடியில் போடும் அடித்தையல் மாற வேண்டும், வரிகளின் இடைவெளி மாற வேண்டும், நூல் துணியை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டு ஓரங்களைக் கூட்டிக் குறைக்க வேண்டும். படத்தை மெஷின் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றும் டிஜிடைசிங்குக்கு என்று தனியாகக் கட்டணம் வாங்கியது இந்த வேலைக்குத்தானே?

நாங்கள் யாரும் எம்பிராய்டரி யூனிட் வைத்திருப்பவர்கள் இல்லை. ஆனால் குழுவில் பாதிப் பேர் சொந்தமாகப் பட்டம் தைப்பவர்கள். ரிப்ஸ்டாப் நைலானை மெஷினில் ஓட்டும்போது முதலில் கற்றுக்கொள்வதே, ஊசி போட்ட ஓட்டை அந்தத் துணியில் மூடாது என்பதைத்தான். அதனால் தையல் நீளத்தைக் கூட்டி வைத்து ஓட்டுவோம். நெருக்கிப் போட்டால் நல்ல காற்று வந்ததும் பட்டம் அந்த வரியிலேயே கிழியும். உங்கள் ஜாக்கெட்டின் முதுகிலும் அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு ஜாக்கெட்டை எடுத்து விளக்கடியில் விரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். கறுப்பு நிரப்புத் தையல் முழுவதுமாகப் போட்டு, அதன் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் மஞ்சள் வட்டம். கீழே இருக்கும் நிறத்தை மேலே வரும் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிவிடாமல் மூன்றையும் அடுக்கியிருக்கிறார்கள். வழக்கமான 40 நம்பர் நூலுக்கு வரிகளுக்கு இடையே 0.4 மி.மீ. வைப்பது பொதுவான கணக்கு. ஒரு அடுக்குக்கு அது சரி. ஒரே இடத்தில் மூன்று அடுக்கு போனால் அது துணியாகவா இருக்கும்? நடுப்பகுதி அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது, குனிந்தால் முதுகில் இடிக்கிறது. பட்டத்தின் ஆறு மூலைகளிலிருந்தும் சுருக்கங்கள் தோள்பட்டை வரை ஓடுகின்றன. வெளிக்கோட்டில், நூலைக் குறுக்கும் மறுக்கும் நெருக்கமாகப் போடும் சாட்டின் தையலின் ஓரத்தில் ஊசி ஓட்டைகள் தபால்தலை ஓரம் போல வரிசையாக விழுந்திருக்கின்றன. இரண்டு விரலால் லேசாக இழுத்தேன், ஒரு மூலையில் துணி பிரிந்து வந்துவிட்டது. உள்ளே திருப்பினால், தையலைத் தாங்க அடியில் வைத்த பேப்பர் கிழித்தெடுக்கும் வகை. அதையும் பாதி கிழித்து, மீதியைத் துணுக்குத் துணுக்காக விட்டிருக்கிறார்கள். இவ்வளவு கனமான தையலைத் தாங்க, ஓரத்தை வெட்டியபின் மீதி துணியோடு தங்கும் வகைப் பேப்பர்தான் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த வால்!

நாங்கள் கொடுத்த படம் ரொக்காக்கு. ஜப்பானின் நீகாட்டா பகுதியிலிருந்து வந்த அறுகோணப் பட்டம். நடுவில் ஒரு நெடுங்குச்சி, குறுக்கே இரண்டு குச்சிகள், அவற்றை வில்லாக வளைத்துக் கட்டியிருக்கும். பறக்கவிடும் நூலோடு பட்டத்தை இணைக்கும் சூத்திரக் கயிறு நான்கு இடத்தில் பிடிக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் அது வால் இல்லாமலே நிதானமாக நிற்கிறது. வாலில்லாதது அதன் அடையாளம். உங்கள் டிசைனர் அதன் அடியில் நெளிநெளியாக ஒரு வாலை ஒட்டி, அதில் மூன்று குஞ்சமும் கட்டிவிட்டார். சூத்திரக் கயிற்றையோ காணோம். தேவையில்லாத நூல் என்று நினைத்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. கேட்டதற்கு, "பட்டம்னா வால் இருக்கும்ல" என்று பதில் வந்தது. வில்லியம் எடி என்பவர் 1890-களிலேயே குறுக்குக் குச்சியை வளைத்து, வாலில்லாத பட்டங்களை வரிசையாக ஒரே நூலில் ஏற்றிக் காட்டிவிட்டார். அதெல்லாம் உங்கள் டிசைனருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த படத்தைக் கொடுத்தபடி தைத்தால் போதும். ஒப்புதலுக்கு வந்த சாம்பிளில் இந்த வால் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதாவது நாங்கள் சரி சொன்ன பிறகு யாரோ ஃபைலைத் திறந்து மாற்றியிருக்கிறார்கள். பட்டம் விடுகிறவர்கள் கூடும் இடத்தில் இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

மூன்று ஜாக்கெட்டுகளில் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறியிருக்கின்றன. மெஷினில் ஏற்றும் டிஎஸ்டி வகை ஃபைலில் நூலின் நிறம் பதிவாகாது, எந்த இடத்தில் நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். எந்த ஊசியில் எந்த நிறம் என்று மெஷினில் நிற்பவர்தான் கலர் தாளைப் பார்த்து வைக்க வேண்டும். நூல் எண்களோடு கலர் தாளை நாங்கள் அனுப்பியிருந்தோம், கிடைத்தது என்று பதிலும் போட்டிருந்தீர்கள். மார்பில் இருக்கும் பெயர், ஒப்புதல் வரைபடத்தில் 10 மி.மீ. உயரம். தைத்திருப்பது 6 மி.மீ. கூட வராது. அந்த அளவில் ணகரத்தின் சுழிகள் எல்லாம் அடைந்துபோய்க் கட்டியாக நிற்கின்றன.

மணிக்கட்டுச் சின்னத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அழகு சம்பந்தப்பட்ட குறை இல்லை. பட்டம் விடும்போது நூல் எங்கள் கையை ஒட்டித்தான் ஓடும். இழுத்து விடும்போதும் சுற்றும்போதும் மணிக்கட்டில் உரசும். அந்த இடத்தில் அகலமான சாட்டின் தையலை இடையில் பிரிக்காமல் ஒரே நீளமாகப் போட்டிருக்கிறீர்கள். நூல் இழைகள் தளர்ந்து வளையம் வளையமாக நிற்கின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஓடிய நூலைக்கூட வெட்டவில்லை. பிசிறு வெட்டும் வேலையே நடக்கவில்லை என்று நினைக்கிறேன். காற்று வேகமெடுத்து, பட்டம் இழுக்கும் நேரத்தில் நூல் இந்த வளையத்தில் மாட்டினால் கை நூலோடு சேர்ந்து இழுபடும். ஆர்டர் படிவத்திலேயே "மணிக்கட்டில் தட்டையான தையல், தொங்கும் நூல் கூடாது" என்று எழுதியிருந்தோம்.

நூல் விஷயமும் இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ஆட்கள் நாங்கள் என்பதால், நிறம் எளிதில் வெளுக்காத பாலியஸ்டர் நூல் வேண்டும் என்று கேட்டோம், நீங்களும் ரசீதில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கம் தொங்கிய சிவப்பு நூலில் ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினேன். பாலியஸ்டராக இருந்தால் உருகிச் சின்னக் குண்டாகத் திரண்டிருக்கும். இது காகித வாடையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. அது ரேயான். பளபளப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் கேட்டது அது இல்லை, ரசீதில் இருப்பதும் அது இல்லை.

"கஸ்டம் ஆர்டர்களைத் திரும்பப் பெறுவதில்லை" என்ற விதியைச் சுட்டிக்காட்டினீர்கள். வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தருவதைத் தடுக்கத்தான் அந்த விதி. ஒப்புக்கொண்ட படத்தை மாற்றி, ஒப்புக்கொண்ட நூலை மாற்றி, அளவையும் மாற்றித் தைத்துவிட்டு அதன் பின்னால் நின்றுகொள்ள முடியாது. எங்களுக்காகவே தைத்தது என்றால், எங்கள் சொல்படி தைத்ததாக இருக்க வேண்டும் அல்லவா? அதேபோல, விலையில் ஒரு பகுதியைக் கழித்துத் தருகிறோம் என்ற யோசனையும் வேண்டாம். போடவே முடியாத ஜாக்கெட்டுக்குத் தள்ளுபடி எதற்கு?

எங்களுக்கு வேண்டியது இதுதான். எல்லா ஜாக்கெட்டுகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். நைலானில் போட்ட தையலைப் பிரித்துவிட்டு அதிலேயே மறுபடி தைக்கும் வேலை வேண்டாம், ஓட்டைகள் போகாது. புதிய ஜாக்கெட்டுகளில், வால் இல்லாமல், சூத்திரக் கயிறோடு, அடுக்குகளைக் குறைத்து, பாலியஸ்டர் நூலில் தைத்துத் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இதற்கு எழுத்தில் ஒப்புதல் வர வேண்டும். முடியாது என்றால் டிஜிடைசிங் கட்டணமும் அனுப்பும் செலவும் உட்பட முழுத் தொகையையும் திருப்பிவிடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

மறுபடி தைப்பதாக இருந்தால், மொத்தத்தையும் மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஜாக்கெட்டின் அதே நைலானில் ஒரு சாம்பிள் போடுங்கள். அதைப் படமாக எடுத்து அனுப்ப வேண்டாம், துணியாகவே அனுப்புங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் சரி சொல்வோம்.

இப்படிக்கு,
பட்டக் குழுவின் சார்பில், ஆர்டர் கொடுத்தவர்

இணைப்பு: ரசீது, ஒப்புதல் வரைபடம், கலர் தாள், ஜாக்கெட்டுகளின் முன்பக்க, பின்பக்கப் படங்கள்