செயலாளர் ஆண்டறிக்கை: ஒலிப்பதிவு நூலகம் இடம் மாறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்த ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கர்நாடக சங்கீதச் சங்கத்தின் மாதாந்திரக் கேட்பு அமர்வுகள் தடையின்றி நடந்தன. தியாகராஜர் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று வழக்கம்போல் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். இவற்றை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு ஒலிப்பதிவு நூலகத்தைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றுவதில் போயிற்று. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெறுமனே நகலெடுப்பதென்றால் ஓரிரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட கோப்புகளின் பெயர் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்றுதான் இருந்தது. யார் பாடியது, என்ன ராகம் என்று ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்காத பதிவு, இல்லாத பதிவுக்குச் சமம். ஆகவே மாற்றும்போதே எல்லாவற்றுக்கும் டேக் போட்டு மாற்றுவது என்று செயற்குழு முடிவு செய்தது.

கேசட் பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்குமே, அதுபோல ஒலிக்கோப்புக்கு உள்ளேயே இருக்கும் விவரச் சீட்டுதான் டேக். “அதைத் திருத்தினால் பாட்டு கெட்டுப்போகாதா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கவலையோடு கேட்டார். நியாயமான கேள்வி. டேக் இருக்கும் பகுதி வேறு, ஒலி இருக்கும் பகுதி வேறு. நாம் மூலப் பிரதியாக வைத்திருக்கும், ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வகைக் கோப்புகளில் ஒலிக்கென்றே எம்டி5 என்னும் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கிறது. டேக் போட்ட பிறகு ஒவ்வொரு கோப்பையும் அந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தோம். ஒலியில் ஓர் இம்மியும் மாறவில்லை.

பழைய எம்பி3 கோப்புகள்தான் அதிகம் சோதித்தன. ஐடி3 டேக்கின் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். கீர்த்தனையின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் ராகத்தையும் தாளத்தையும் சேர்த்திருந்த பதிவுகளில் எல்லாம் ராகம் அறுந்துபோயிருந்தது. யூனிகோட் பரவுமுன் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் அடித்தவை புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தன. அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம்.

யூனிகோடாக்கிய பிறகும் ஒரு சிக்கல். ‘கௌளை’ என்று தேடினால் சில பதிவுகள் வரவே இல்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. பலர் ‘கௌ’ என்ற ஓரெழுத்தை அடிக்காமல், ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு அது வேறு சொல். மாயாமாளவகௌளையும் இதே கதியில் இருந்தது. தோடியிலும் அப்படித்தான்: ‘தோ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சில கோப்புகளில், தனித்தனிக் குறிகளாகச் சில கோப்புகளில். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இப்படிப் பிரிவதுண்டு. ‘தோடி’ என்று பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றதைப் பார்த்துத் திகைத்தோம். எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்தாயிற்று.

ராகப் பெயர்களுக்கு ஒரு சீர்வடிவம் வைத்துக்கொண்டோம். காம்போதியா காம்போஜியா என்று நீண்ட வாதம் நடந்தது. காம்போதி என்றே எழுதி, மற்றதை டேக்கில் ‘வேறு பெயர்’ என்ற புலத்தில், அதாவது விவரக் கட்டத்தில், வைத்திருக்கிறோம். கூடவே மேளகர்த்தா எண்ணும், அதாவது தாய் ராகத்தின் வரிசை எண்ணும், உண்டு. 28 என்று தேடினால் ஹரிகாம்போதியும் அதில் பிறந்த ஜன்ய ராகமான காம்போதியும் சேர்ந்து வரும்.

மென்பொருளைப் பற்றி. விற்பனைக்கு வந்த குறுந்தட்டுகளுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் பேருதவி செய்தது. ஒலியின் கைரேகையை எடுத்து இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு விவரம் தரும். ஆனால் நம் செல்வமே கல்யாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் உறுப்பினர்கள் பதிவு செய்த கச்சேரிகள். அவை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவற்றுக்கு எம்பி3டேக்கில் கையால்தான் அடிக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு தவறும் நடந்தது. பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடிக் கிடைத்த விவரங்களை, சரிபார்க்காமல் மொத்தமாகச் சேமித்துவிட்டேன். ஒரு கல்யாணக் கச்சேரி முழுவதும் கடையில் விற்ற ஓர் ஆல்பத்தின் பெயரையும் படத்தையும் சுமந்துகொண்டு நின்றது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் மீட்க முடிந்தது. அன்றிலிருந்து ஒருவர் அடிப்பது, இன்னொருவர் கேட்டுப் பார்த்த பிறகே சேமிப்பது என்று விதி வைத்தோம்.

இந்த மென்பொருள்கள் தாமாகக் காட்டும் புலங்கள் நம் சங்கீதத்துக்குப் போதவில்லை. பாடகர், ஆல்பம், ஆண்டு இருக்கும். ராகம், தாளம், பக்கவாத்தியம் இராது. நாமே புதிய புலங்கள் சேர்த்தோம். பக்கவாத்தியத்துக்குத் தனி இடம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு கேசட்டில் ‘மணி ஐயர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வாய்ப்பாட்டு மதுரை மணி ஐயரா, மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரா? இருவருமே 1912இல் பிறந்தவர்கள். ஒருவரை மட்டும் ‘கலைஞர்’ கட்டத்தில் போட்டு மற்றவரை விட்டுவிட்டால், அந்தக் கச்சேரியில் அவர் வாசித்ததற்கு நம்மிடம் சான்றே இல்லாமல் போகும். வயலின், கடம், கஞ்சிரா, தம்புரா வரை தெரிந்த பெயர் ஒவ்வொன்றையும் ஏற்றியிருக்கிறோம்.

அந்தப் பெயர்கள் கிடைத்தது கேசட் அட்டைகளிலிருந்துதான். மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் கொடுத்த பெட்டியில், ஒவ்வொரு சி-90 (90 நிமிட) கேசட்டின் அட்டையிலும் நீல மசியில் பொடி எழுத்து. தாளவாத்தியத் தனி ஆவர்த்தனத்தைக் குறிக்க ‘தனி’ என்று எழுதி, அது ‘பி’ பக்கத்தில் தொடர்கிறது என்று ஓர் அம்புக்குறி. பக்கத்துக்கு 45 நிமிடம் என்பதால் ஓர் ஆலாபனை நடுவே அறுந்திருக்கும். அட்டையின் ஓரத்தில் ‘திருப்புவதற்குள் அரை நிமிடம் போயிற்று’ என்று குறித்திருந்தார். அந்த வரியையும் டேக்கின் குறிப்புப் புலத்தில் அப்படியே ஏற்றினோம். அறுந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைக்கவில்லை.

இப்போது நூலகம் மூன்று பிரதிகளாக இருக்கிறது. அவற்றில் ஒன்று சங்கத்துக்கு வெளியே, தலைவர் வீட்டில். பதிவுகள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பதால் அறையில் அமர்ந்து கேட்கலாம், நகல் தருவதற்கில்லை. உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஸ்பூல் டேப்புகள் இன்னும் பாக்கி. அவற்றை ஓட்டும் கருவி பழுதாகிக் கிடக்கிறது. சரிசெய்ய நிதி ஒதுக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள், கேசட் ஓடாவிட்டாலும் அட்டையை எறிந்துவிடாமல் எங்களிடம் கொடுங்கள். வியாழக்கிழமை மாலைகளில் அறை திறந்திருக்கும். பக்கவாத்தியக்காரர்களின் வாசிப்பைக் கேட்டே அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் வந்தால், பெயர் தெரியாமல் நிற்கும் பதிவுகளை அவர்களுக்குப் போட்டுக் காட்ட ஆவலாயிருக்கிறோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்