பாலாற்று மணலும் அந்தப் பனியும்

அன்புள்ள தம்பிக்கு,

இன்றோடு நம் நாய் செவலை செத்துப்போய் ஓராண்டு ஆகிறது. காட்பாடியில் ஹிம்சாகர் வண்டியின் கார்டு பெட்டியில் இருந்த நாய்க்கூண்டில் நீ அதை ஏற்றிய நாளைப் பற்றியோ, அதற்கு முன் நம் வீட்டில் நடந்த பேச்சைப் பற்றியோ எழுதப்போவதில்லை; உனக்குத் தெரியும், இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். உனக்கு அப்போது குடும்பக் குடியிருப்பு கிடைத்த மலையூரின் பெயரையும், உன் வேலையை நினைத்து, எழுதாமல் விடுகிறேன்.

நீ அனுப்பிய அந்தக் காணொளி ஒரு நிமிடம்கூட இருக்காது. நமக்குப் பனி என்றால் மார்கழியில் கோலமாவை நனைக்கும் பனிதான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லியே அம்மா நம் தலையில் துண்டைக் கட்டிவிடுவாள். கையால் அள்ளக்கூடிய பனியைச் செவலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. வாசற்படியில் நின்று முன்காலை வைத்தது, சட்டென்று எடுத்தது, அந்தக் காலையே நக்கிப் பார்த்தது. பிறகு மூக்கை உள்ளே நுழைத்துத் தும்மிவிட்டு, பாலாற்று மணலில் செய்ததையே அங்கும் செய்தது: முன்னங்கால்களால் பள்ளம் பறித்துப் பின்னால் வாரி இறைத்து, அந்தப் பள்ளத்தையே சுற்றிச்சுற்றி ஓடி, முதுகைப் போட்டுப் புரண்டு, நான்கு கால்களையும் மேலே உதைத்தது. எழுந்தபோது செம்முதுகு முழுவதும் வெள்ளை. உன் மகள் எறிந்த பனி உருண்டையை எட்டிக் கவ்வியது; வாயிலேயே கரைந்துபோன அதை எங்கேயோ தவறவிட்டதாக நினைத்துத் தரையெல்லாம் முகர்ந்து தேடியது.

அதற்கு நான் அனுப்பிய பதில், 'குளிரில் அதைக் கொன்றுவிடாதே' என்பது.

அந்த வரிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா போன அந்தக் கத்திரி வெயிலில், தண்ணீர்த் தொட்டியடியில் ஈரமண்ணைப் பறித்துப் படுத்துக்கொண்டு, கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்த செவலையைத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன். அது அப்படித் துள்ளியதைப் பார்த்ததும், அம்மாவை அது மறந்துவிட்டது, நீயும் மறந்துவிட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாயை வைத்துக்கொள்ள என் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை என்று சொன்னவள் நான்தான். அது பொய்யில்லை. ஆனால், வேறு வாடகை வீடு தேடியிருக்கலாம், தேடவில்லை.

நாயின் பாதத்தில் தமனியும் சிரையும் ஒட்டி ஓடுவதால், இறங்கும் சூடான இரத்தம் ஏறும் குளிர்ந்த இரத்தத்தைச் சூடாக்கிவிடுகிறது என்றும், அதனால்தான் அதன் பாதம் பனியில் எளிதில் உறைவதில்லை என்றும் பிறகு படித்தேன். அடர்ந்த மயிர் இல்லாத நம் நாட்டு நாய்க்கு உடம்பு நடுங்கும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் நீ கொஞ்ச நேரத்திலேயே உள்ளே அழைத்து, விரலிடுக்கில் கட்டியாக ஒட்டிய பனியை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தாய். காணொளியின் கடைசியில் உன் கைகள் மட்டும் தெரியும். அம்மாவின் கைகளைப் போலவே இருந்தன. அதை அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை, தம்பி. அது செத்த செய்தி இரண்டு நாள் கழித்து, உன் மனைவி வழியாக எனக்கு வந்தது. வயதாகித்தான் போனது என்று சொல்லக்கூட அக்காவுக்கு ஒரு போன் செய்ய உனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பழி சொல்வேன் என்று பயந்தாயா? சொல்லியிருப்பேனோ என்னவோ. இருந்தாலும் நீ கூப்பிட்டிருக்க வேண்டும்.

அந்தக் காணொளி என்னிடம் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டு அன்றிரவே அழித்துவிட்டேன். உன்னிடம் இருந்தால் அனுப்பு. சத்தத்தோடு அனுப்பு, அன்று பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சத்தத்தை நிறுத்திவைத்துத்தான் பார்த்தேன். உன் மகள் சிரித்தாளா, செவலை குரைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்கா