கடலோர மக்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக சேவைத் திட்டங்கள் வழியாகப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலை அறிமுகம் செய்வது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் 'தொழில்நுட்பம் அறியாத கடலோர மக்களுக்கு' மாணவர்கள் உதவலாம் என்ற வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பாம்பனில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். பத்தாவது முடிக்கும் முன்பே டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற பையன்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். விசைப்படகில் ஜிபிஎஸ் பார்த்து வலை விடுகிறோம். இதற்கு வேறு என்ன பெயர் ஐயா?

மாணவர்கள் சமூகத்துக்குத் தேவையானதைப் பொறியியல் வழியே செய்துகொடுக்க, அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் தாங்கள் அறியாததல்ல. அதில் மாணவர்கள் முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கிறார்கள். அப்புறம்தான் வரைகிறார்கள், செய்கிறார்கள். கொடுத்த பொருள் வேலை செய்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இங்கே நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று ஏழு நாள் வருகிறார்கள். துடைப்பம், மரக்கன்று, போட்டோ, அவ்வளவுதான். நட்ட கன்று உப்புக் காற்றில் கருகிய பிறகு எட்டிப் பார்க்க ஆள் வந்ததில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் பெண்களிடம் கேட்டதும் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். என் அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குகிறார். தண்ணீரில் வழுக்காத, அதே நேரம் பாசியைப் பிடுங்க விரல் மடங்குகிற கையுறை ஒன்றை பிளஸ் ஒன் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். அக்கா மாட்டிக்கொண்டு கடலில் இறங்கட்டும். எங்கே கிழிந்தது என்று பார்த்துத் திரும்பச் செய்யட்டும். கருவாடு இன்னும் மணலில்தான் காய்கிறது; மணல் ஒட்டினால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அளந்து, பிள்ளைகளே பரண் கட்டலாம். ஊத்துத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று மாதாமாதம் அளந்து எழுதிவைக்கலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஊத்து இதில் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டுமே.

பாம்பன் புது ரயில் பாலத்தில், கப்பல் போக மேலே ஏறுகிற 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை எங்கள் கண்ணெதிரே கட்டி முடித்தார்கள். அது எப்படி ஏறி இறங்குகிறது என்று எங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய் விளக்கிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அக்டோபர் 15 வந்தால் மட்டும் மேடைக்கு மேடை கலாம் ஐயா பெயர். என் மகள் படிக்கும் பள்ளியில், பிள்ளைகள் கருவிகளை வைத்துத் தாங்களே செய்து பார்க்க மத்திய அரசுத் திட்டத்தில் வந்த அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறது. அதிகாரிகள் வருகிற அன்று திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. இதைச் சொல்லும்போது மனம் வலிக்கிறது.

பள்ளி ஆய்வகங்களைச் சனிக்கிழமைகளில் திறந்துவைக்கும்படி தங்கள் பத்திரிகை ஒரு வரி எழுத வேண்டும். சொல்லித்தர ஆள் இல்லை என்றால் டூல்ஸ் பெட்டியோடு நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.