எருக்குழியைத் தள்ளி வையுங்கள்: பால் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரிமங்கலம் வட்டாரப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புரட்டாசி மழை பிடிப்பதற்குள் ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானம் போட வேண்டும். மாட்டுக்கொட்டாயை ஒட்டி எருக்குழி வைத்திருப்பவர்கள் அதைத் தள்ளி மாற்ற வேண்டும். இடமில்லாதவர்கள் தார்ப்பாய் போட்டு இறுக மூட வேண்டும்.

காரணம் கடி ஈ. வீட்டு ஈ மாதிரியே இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. மாடு முன்னங்காலை உதறி உதறி மிதிக்கும்போது குனிந்து பாருங்கள். முட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். ஊசி போன்ற வாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிப்பவை. வலி தாங்காமல் மாடு உதறினால், அரைவயிற்று ஈ பக்கத்து மாட்டில் போய் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டிய கிருமியும் கூடவே போகும். தோல் கழலை நோய் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. கொசுவும் உண்ணியும் அதைப் பரப்பும்.

இந்தியாவில் அந்த நோய் 2019இல் ஒடிசாவில் தெரியவந்தது. 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பிழைத்த மாட்டுக்கும் உடம்பெல்லாம் கட்டி, கால் வீக்கம், பால் குறைவு. இரண்டு கறவையை நம்பி வட்டி கட்டும் குடும்பம் என்ன செய்யும்? (மனிதர்களுக்கு இது தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம்.)

பொழுது சாய்ந்ததும் வேப்பிலைப் புகை போடுகிறோம். கொசுவுக்கு அது சரி. கடி ஈ பகலில் கடிப்பது. அதை முட்டையிலேயே ஒழிப்பதுதான் வழி. மூத்திரமும் சாணியும் ஊறிய வைக்கோலில்தான் அது முட்டையிடும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் புது ஈ பறந்துவிடும். அதனால் தீவனத் தொட்டி ஓரத்து ஈரக் கூளத்தை வாரம் ஒருமுறையாவது சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். தார்ப்பாய்க்குள் சூடேறினால் குழியில் இருக்கும் புழுவும் சாகும்.

ஒருவர் மட்டும் செய்தால் போதாது, பக்கத்துக் கொட்டாய் ஈ இங்கே வரும். அதனால்தான் சங்கத்திடம் கேட்கிறேன்.

அப்புறம், கட்டி கண்ட மாட்டைத் தயவுசெய்து செவ்வாய்ச் சந்தைக்கு ஓட்டிவராதீர்கள். தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நல்ல மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பால் ஊற்ற வருபவர்களிடம் சங்கத்திலேயே கேட்டு எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போல் மாடு வளர்க்கும் ஒருவர்