போபாலைப் பாடம் எடுக்க உங்கள் பழைய பக்கங்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் 2 வந்தால் பள்ளிகளில் தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினம் 'கொண்டாடுகிறோம்'. அந்தச் சொல்லே எனக்கு உறுத்தும். 1984இல் மத்தியப் பிரதேசத்தின் போபாலில், யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு பட்டுச் செத்தவர்களின் நினைவாக வைத்த நாள் அது. எங்கள் பிள்ளைகள் ஓவியப் போட்டியில் வரைவதோ மரக்கன்றும் சிரிக்கிற பூமியும்தான். போன வருடம் முதல் பரிசு வாங்கிய பெண்ணிடம் போபால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "டெல்லி பக்கமா மிஸ்?" என்றாள். நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே தெரியும்.

சரி, ஒன்பதாம் வகுப்புக்கு நானே இரண்டு பீரியட் எடுத்துவிடலாம் என்று இணையத்தில் தேட உட்கார்ந்தேன். தமிழில் நான் பார்த்த வீடியோக்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி: சோக இசை, 'பதற வைக்கும்' என்று தலைப்பு, மண்ணில் புதைக்கப்படும் அந்தக் குழந்தையின் முகம். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய திரையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடி எழுதிவரச் சொன்னேன். ஒருவன் நோட்டில் 2,259. இன்னொருத்தி 3,787. மூன்றாமவன் 15,000க்கு மேல். "யாரோடது மிஸ் கரெக்ட்?" முதல் இரண்டும் அரசு வெவ்வேறு சமயங்களில் சொன்னவை, மூன்றாவது பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடுகிறவர்கள் சொல்வது என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த பீரியட் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது, அது எப்படி நடந்தது என்பது. பூச்சிக்கொல்லி செய்யப் பயன்படும் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய நச்சு ரசாயனம் சுமார் 40 டன் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. அதைக் குளிரவைக்கும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயை ரிப்பேருக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். இதெல்லாம் ஆங்கிலத்தில் கிடைத்தது; இரண்டு ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டேன். கரும்பலகையில் தொட்டியையும் அதன் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வரைந்து, வேலை செய்யாதவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. பாதிப் பேரின் அப்பாக்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில்தான் வேலை. "எங்கப்பா கம்பெனியில கூலிங் ஓடுதானு கேக்கட்டுமா மிஸ்?" என்றான் ஒருவன். கேளுடா என்றேன்.

பிழைத்தவர்கள் தங்கள் வாயால் சொல்வதையும் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். போபாலில் 2014இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் அந்தக் குரல்கள் இருக்கின்றன. இந்தி தெரியாத எங்களுக்கு அது எட்டாக்கனி.

அப்புறம், நான் எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஆலையால் ஊருக்கே ஆபத்து என்று 1982லேயே எச்சரித்தவர் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர் பத்திரிகையாளர். விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நாம் என்ன படித்தோம்? 1984 டிசம்பர் முதல் வாரத்து உங்கள் நாளிதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து, காசு கட்டாமல் பார்க்கும்படி இணையத்தில் போட முடியுமா? முதல் நாள் என்ன எண்ணிக்கை போட்டீர்கள், மறுநாள் அது எப்படி மாறியது என்பதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். எங்கள் ஹைடெக் லேபில் நெட் மெதுவாகத்தான் வரும். அதனால் பக்கத்துக்கு ஒரு சின்ன பி.டி.எஃப். ஆக இருந்தால் நல்லது, நவம்பர் கடைசிக்குள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி,
கடலூர் மாவட்டம்